மண்ணைத் துளைத்தோம்; மழையை அளப்போம்!

கோலார் தங்க வயலுக்கு ரயிலேறினால் கடைசி நிலையம் மாரிக்குப்பம். மாரி என்றால் மழை. பெயரிலே மழை இருக்கிறது, வானத்திலேதான் இல்லை! ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் கோலார். பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி நிரம்பிய ஆண்டுகளில் சுரங்க நகரம் தாகம் தீர்ந்தது. வற்றிய ஆண்டுகளில் குழாயடியில் குடங்கள் காத்துக் கிடந்தன. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அம்மாவட்டத்து ஏரிகளில் விடுகிறார்கள். அண்டை நகரம் கழித்த நீரால் ஏரியை நிரப்பும் நிலைக்கு வந்துவிட்ட மண்ணுக்கு மழையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மண்ணில் பிறந்தவர்களும், அதைப் போன்ற வறண்ட சீமைகளிலிருந்து வந்து இங்கே பயிலும் மாணவர்களும், செயற்கைக்கோள் வழியே மழையை அளக்கும் ஆராய்ச்சியைத் தங்கள் வாழ்க்கைப் பணியாக ஏற்க முன்வர வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த கருத்து.

"தங்கம் தோண்டிய ஊருக்கும் விண்வெளி விஞ்ஞானத்துக்கும் என்ன உறவு?" என்று சிலர் நகைக்கலாம். உறவு பழையது, நண்பர்களே! வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன நம் முன்னோர் 10,000 அடிக்கும் கீழே இறங்கித் தங்கம் வெட்டினர். அதே சுரங்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1951-இல் விண்கதிர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். மேலே கிடந்த பாறை மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்த, அதையும் ஊடுருவி வந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் கண்டனர். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகம் முதன்முதலாக அறிந்த இடங்களுள் அதுவும் ஒன்று. கருவிகள் இறங்கியதும் சுரங்கக் கூண்டில்தான். தொழிலாளி இறங்கியதும் சுரங்கக் கூண்டில்தான். தொழிலாளி தங்கத்தை வெளியே அனுப்பினான். விஞ்ஞானி அறிவை வெளியே அனுப்பினான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவ்வூர் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர். கூலிக்கு இறங்கிய குடும்பத்தின் பேரனும் பேத்தியும் ஆராய்ச்சிக் கருவியைத் தங்கள் கையில் ஏந்தும் நாள் எந்நாள்?

செயற்கைக்கோள் மழையை நேரே அளப்பதில்லை, குறிப்பறிந்து கணக்கிடுகிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் மேகத்தின் தலையில் உள்ள குளிரைப் பார்க்கிறது. தலை குளிர்ந்திருந்தால் மேகம் உயர்ந்தது. உயர்ந்த மேகம் பொழியக்கூடும். ஆனால் பொழியாத மெல்லிய வெண்மேகமும் குளிர்ந்துதான் இருக்கும்! மலையோரத்தில் தாழ்ந்த மேகம் கொட்டித் தீர்த்தாலும், தலை குளிராததால் கண்ணுக்குத் தப்பிவிடும். நுண்ணலைக் கருவி மேகத்தினுள்ளே நோக்குகிறது. கடலின் மேல் அது நன்றாக வேலை செய்யும். நிலத்தின் மேலோ நிலமே பலவாறாக நுண்ணலையை வீசிக் குழப்பிவிடும். 1997-இல் அமெரிக்காவும் ஜப்பானும் ஏவிய டிரம் கோளும், 2014-இல் ஏவிய ஜி.பி.எம். கோளும் ரேடாரையே விண்ணுக்குக் கொண்டு சென்றன. எனினும் அவை ஓரிடத்தைக் கடந்து செல்வது சில நொடிகள்; மழையோ எந்த நேரமும் பெய்யும்.

எனவே விண்ணின் கணக்கைச் சரிபார்க்க மண்ணில் மழைமானி வேண்டும். உலகத்து மழைமானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிரம்பாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பக்கத்துத் திருச்செந்தூரில் 69. இடைவெளி பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை! இன்று பெரிதும் பயன்படும் செயற்கைக்கோள் மழைப்படத்தில் ஒரு கட்டத்தின் பக்கமே சுமார் பத்துக் கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்துகொள்ளும் என்றால், கோலாரின் சிறு தூறலையும், கோடை இடிமழையையும், பொய்த்துப் போன பருவத்தையும் யார் பிரித்துக் காட்டுவது? அந்த மண்ணை அறிந்தவர்கள் அல்லவா?

இத்துறையில் ஏமாற்றங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2011 அக்டோபர் 12-இல் இந்தியாவும் பிரான்சும் மேகா டிராபிக்ஸ் என்னும் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. அதன் மழைக் கருவிக்குப் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ்! அந்த மெட்ராஸ் 2013 ஜனவரியிலேயே செயலிழந்தது. ஆராய்ச்சியாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. ஈரப்பதம் அளக்க வந்த சஃபீர் என்னும் கருவியின் அளவுகளிலிருந்தே மழையைக் கணிக்க வழி கண்டனர். மூன்றாண்டுக்கென்று அனுப்பிய கோள் 2021 வரை பயன் தந்தது. இடிந்த சுரங்கத்தில் மாற்றுப் பாதை வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இந்த விடாமுயற்சி புதிதா?

"வீட்டில் முதல் பட்டதாரி நான். ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சி செய்தால் அடுப்பு எரியுமா?" என்று கேட்கும் தோழரின் கேள்வி நியாயமானது. தேசியத் தேர்வில் வென்ற ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. மென்பொருள் கம்பெனிச் சம்பளத்தோடு போட்டியிடாது. ஆயினும் பட்டினி போடாது. பௌதிகமும் கணிதமும் கற்றவர்களுக்குப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், புனே வெப்பமண்டல வானிலை நிலையம், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், திருப்பதியை அடுத்த காடங்கி ஆய்வுக்கூடம் எனக் கதவுகள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி அம்மையார் 1948-இல் புனே வானிலை நிலையத்தில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வரைபடம் வகுத்தார். வசதி வந்தபின் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நம் மன்றத்துக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கித் தங்க வயல் பள்ளிகள் சிலவற்றிலேனும் மழைமானி வைப்போம். வானிலை இலாகாவைப் போலவே காலை 8.30 மணிக்கு மாணவர்கள் அளந்து எழுதட்டும். 'ஓர் உழவு மழை' என்று மண்ணின் ஈரத்தால் மழையை அளந்த இனம் நாம். அந்தப் பழைய அறிவும் விண்கோளின் புதிய கணக்கும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் சந்திக்கட்டும். அந்த நோட்டிலிருந்து நாளைய விஞ்ஞானி ஒருவர் எழுவார்.

மண்ணுக்குள் இறங்கி எடுத்த தங்கம் நம் கையில் தங்கவில்லை. வானிலிருந்து இறங்கும் செல்வத்தையாவது அளந்தறிந்து காப்போம்.