கவுன்சிலரும் தன்னார்வலரும்

சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல்தான். இடையில் வர்தா புயல், 2019 குடிநீர்ப் பஞ்சம், கொரோனா எல்லாம் வந்தன. முறையிட 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் இல்லை. அரிசி, மருந்து, குடிநீர் என்று பல தெருக்களில் ஓடியலைந்தவர்கள் தன்னார்வலர்கள்தான்.

தேர்தலுக்குப் பின் கவுன்சிலர்கள் வந்தார்கள். தன்னார்வலர்களும் ஓயவில்லை. இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான் அரிதாக இருக்கிறது.

மழைநீர் வடிகாலையே எடுத்துக்கொள்வோம். தூர் வாரிய சேற்றை ஓரமாகக் குவித்துவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள். அடுத்த மழையில் அதே சேறு மறுபடி உள்ளே. எந்த மூடி உடைந்திருக்கிறது, எந்தக் கழிவுநீர்க் குழாயை வடிகாலில் விட்டிருக்கிறார்கள் என்பது விடிகாலையில் தெருவைச் சுற்றும் பால்காரருக்குத் தெரியும். அலுவலகக் கோப்பில் அது இருக்காது. கவுன்சிலர் வழியாக அது மாமன்றத்தில் கேள்வியாக எழ வேண்டும்.

அதற்கு விதியிலேயே இடமுண்டு. வார்டு குழு, பகுதி சபை என்ற இரண்டு அமைப்புகள். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலரே. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஆனால் கூட்டம் நடப்பதே தெருவுக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்?

கூட்டத் தேதியை ரேஷன் கடைச் சுவரில் முன்கூட்டியே ஒட்டச் சொல்லுங்கள். எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணையும் உடைந்த மூடியின் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.