ரெண்டு கம்பிக்கு இத்தனை குழப்பமா?

எங்க வீட்டு லேண்ட்லைன் பத்து நாளா ஊமை. வந்து பார்த்தவர், "வாசல் வரைக்கும் லைன் நல்லாயிருக்கு, கோளாறு உங்க வயரிங்லதான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். டப்பாக்களைத் திறந்தேன். கூடத்துல ஒரு நிறம், திண்ணையில வேற நிறம். எது எங்கே போகுதுன்னு ஒரு குறிப்பும் இல்லை.

போனுக்கு வேண்டியது ரெண்டே கம்பி. பேச 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலேருந்து அதுலயேதான் வருது. முதல் டப்பாவுல மத்ததையெல்லாம் கழட்டிட்டுப் போனை மாட்டினேன், டோன் வந்துச்சு. ஒவ்வொண்ணா சேர்த்தேன். திண்ணைக் கம்பியைச் சேர்த்ததும் செத்துச்சு. அந்த டப்பாவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி ஒரே பச்சைக் களிம்பு.

திருமயத்துல எந்த மடைத்தண்ணி எந்த வயலுக்குன்னு பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வார். வயரிங் பண்ணினவருக்கு மூடிக்குள்ள நாலு எழுத்து எழுத முடியலையா? நகரத்து நண்பர்களே, எழுதி வாங்கிட்டுக் கூலி கொடுங்க.