தனித்தனிக் கம்பி மட்டும் காக்குமா?

ராணுவக் கணினிகள் பற்றிய பேச்சில் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது: ‘இரகசியத்துக்கு ஒரு வலையமைப்பு, அதி இரகசியத்துக்கு இன்னொன்று எனப் பிரித்துவிட்டால் போதும். ஒரே கணினிக்குள் பல அடுக்குப் பாதுகாப்பு நடக்காத காரியம்.’ அமெரிக்கப் படைகளின் அனுபவம் இதற்கு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது.

பிரித்துவைத்தால் எதுவும் நுழையாது என்பது முதல் நம்பிக்கை. 2008இல் மத்தியக் கிழக்கில் உள்ள ராணுவத் தளம் ஒன்றில், மடிக்கணினியில் செருகிய பென் டிரைவ் வழியே ‘ஏஜென்ட்.பிடிஇசட்’ என்ற கெடுநிரல் புகுந்து, இரகசிய வலையமைப்புவரை பரவியது. கம்பிகள் பிரிந்திருந்தாலும் தகவல் இங்கிருந்து அங்கே போயாக வேண்டும். அதற்கு ஒழுங்கான வழி அமைக்காவிட்டால் பென் டிரைவ்தான் வழியாகிவிடும்.

உள்ளே இருப்போர் எல்லாரும் அனுமதி பெற்றவர்கள், பிறகென்ன கவலை என்பது இரண்டாவது. ஈராக்கில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர் செல்சி மேனிங்கும் அனுமதி பெற்றவர்தான். இணையத்திலிருந்து பிரித்துவைத்த ‘சிப்ர்நெட்’ என்ற இரகசிய வலையமைப்பிலிருந்து அவர் எடுத்த தூதரகச் செய்திகள் மட்டும் இரண்டரை லட்சம். அவை 2010இல் வெளியுலகுக்கு வரத் தொடங்கின. ஒரே அடுக்குக்குள்ளும் யாருக்கு எது தேவை என்று பிரிக்கும் முத்திரை கோப்புகள்மீது இருந்து, கணினியே அதைக் காத்திருந்தால், ஒருவர் கை அவ்வளவு தூரம் நீண்டிருக்காது.

அப்படிக் காக்கும் விதிகள் புதியவையும் அல்ல. 1973இலேயே கணினி ஆய்வாளர்கள் பெல், லபடுலா இருவரும் அவற்றைக் கணித வடிவில் எழுதிவிட்டார்கள். கீழ் அடுக்கில் இருப்பவர் மேலே உள்ளதைப் படிக்கக் கூடாது. மேல் அடுக்கில் இயங்கும் நிரல் கீழே எழுதவும் கூடாது. இரண்டாம் விதிதான் உயிர்நாடி. அதிகாரிக்குத் தெரியாமல் அவர் பெயரில் ஓடும் கள்ள நிரல்கூட இரகசியத்தைக் கீழே இறக்க முடியாமல் அது தடுக்கிறது.

கட்டவே முடியாது என்பதும் பொய். ஹனிவெல் நிறுவனத்தின் ‘ஸ்காம்ப்’ என்ற பல அடுக்குக் கணினி 1984இல் அமெரிக்க அரசின் மிக உயர்ந்த ஏ1 தரச்சான்றைப் பெற்றது.

தடைகள் இல்லாமல் இல்லை. இரு நிரல்கள் கணினியின் வேகத்தை ஏற்றி இறக்கியே இரகசியம் பரிமாறிக்கொள்ளலாம். இத்தகைய மறைவழிகளை 1973இல் கணினி அறிஞர் பட்லர் லாம்ப்சன் விளக்கினார். அவற்றை முழுதாக அடைப்பது கடினம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஏ1 தரத்துக்கு உருவாக்கிவந்த பாதுகாப்புக் கருவை (விதிகளைக் காக்கும் மைய நிரலை) 1990இல் சந்தைக்கு வருமுன்பே கைவிட்டது. செலவும் தாமதமும் உண்மை.

ஆனால் முழு அமைப்பையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இரு அடுக்குகள் சந்திக்கும் வாசலில், ஒவ்வொரு செய்தியின் முத்திரையையும் சோதித்து அனுப்பும் காவல் கணினியிலிருந்து தொடங்கலாம். ஸ்காம்ப்பின் வழிவந்த எக்ஸ்டிஎஸ்-300 அந்தப் பணியைச் செய்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, எதிரிக் கப்பலின் இருப்பிடம் தோழமைப் படைக்கு உடனே போகவேண்டும், அதைக் கண்டறிந்த வழி போகக் கூடாது. தனித்தனிக் கம்பிகளால் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது.