பாஸ் ஆகியும் பிளேஸ்மென்ட் இல்லாத ஒரு பேட்ச்

ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய் இறங்கியிருந்தால் இந்தக் காட்சியை நீங்க பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு பக்கம் 1987-ல் கட்டி முடித்த 13 நிலை ராஜகோபுரம். அதற்கு எதிரில் பெரியார் சிலை. 2006 டிசம்பரில் அந்தச் சிலையை உடைத்தார்கள், ஊரே பரபரப்பானது, அதன் பிறகும் சிலை அங்கேயே நிற்கிறது. சமூக சீர்திருத்தம் என்று ஹாஸ்டலில் யாராவது பேச்சை எடுத்தால் போதும், கோபுரமா சிலையா என்ற சண்டையில்தான் போய் முடியும்.

நான் சொல்ல வருவது அதே 2006-ல் நடந்த வேறொரு விஷயம். இதை வைத்து மீம் போட முடியாது, அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

அந்த வருஷம் மே மாதம் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து யாராக இருந்தாலும், எந்த சாதியாக இருந்தாலும், கோவிலில் அர்ச்சகர் ஆகலாம். அதற்காக ஆறு பயிற்சிப் பள்ளிகள் வந்தன. அதில் ஒன்று நம்ம ஸ்ரீரங்கத்தில். 200-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, மந்திரமும் பூஜை முறையும் படித்து, 2008-ல் முடித்தார்கள். அதற்குள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தீர்ப்பு வந்தது 2015 டிசம்பரில். நடுவில் ஓரிருவருக்கு வேலை கிடைத்ததைத் தவிர்த்தால், நியமன ஆணை என்று சொல்லும்படி வந்தது 2021 ஆகஸ்ட் 14 அன்று. அதுவும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் 24 பேருக்கு.

நாம எல்லாம் ஃபைனல் இயர். ஆஃபர் லெட்டர் வந்து ஜாயினிங் தேதி ஆறு மாசம் தள்ளிப்போனாலே வீட்டில் என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். இவங்களுக்கு 13 வருஷம். இருபத்தைந்து வயதில் படிப்பை முடித்தவருக்கு முப்பத்தெட்டு ஆகியிருக்கும். படிப்பில் குறை என்று யாரும் சொல்லவில்லை, பிறப்புதான் கேள்வி.

"ஆகமம்னு ஒன்னு இருக்கே" என்பீர்கள். இருக்கு. அதைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970 டிசம்பரிலேயே சட்டசபையில் சட்டம் வந்துவிட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமையை எடுத்தது சரி, ஆனால் நியமனம் அந்தந்தக் கோவிலின் ஆகமப்படி இருக்கணும் என்றது. 2015-லும் கிட்டத்தட்ட அதேதான், ஒவ்வொரு கோவிலாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார்கள். சரி, எந்தக் கோவில் ஆகமக் கோவில், எது இல்லை? அந்தப் பட்டியலைத் தயாரிக்கக் குழு அமைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022-ல். ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் எழுதவே ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட்டை நம்ம கைடு ரிவ்யூவில் விடுவாரா? என் கோபம் ஆகமத்தின் மேல் இல்லை. அறிவிப்பு நாளன்று கைதட்டிவிட்டு இந்தச் சலிப்பூட்டும் வேலையை மறந்துபோன எல்லா ஆட்சிகள் மேலும்தான்.

என் கிளாஸ்மேட் ஒருத்தன், அப்பா சின்னப் பெருமாள் கோவில் ஒன்றில் அர்ச்சகர். அவன் சொன்னது: "எங்கப்பா சம்பளத்தைக் கேட்டா நீ சிரிப்படா. தட்டுல விழுறதுதான் வருமானம். எங்கண்ணன் இது வேணாம்னு ஐடி-க்குப் போயிட்டான். இதுக்குப் போய் சண்டை போடுறீங்க." பாதி ஒத்துக்கொள்கிறேன். சின்னக் கோவில்களுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லாமல் யாரை நியமித்தாலும் அவர் பசியோடுதான் பூஜை செய்வார். ஆனா வேண்டாம்னு கிளம்பிப் போகிறவனும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவனும் ஒன்றா?

இத்தனைக்கும் திருப்பாணாழ்வார் நம்ம உறையூர்க்காரர். தீண்டத்தகாதவர் என்று காவிரிக் கரையிலேயே நின்றவரை லோகசாரங்க முனிவர் தோளில் தூக்கிக்கொண்டு சந்நிதிக்குள் போனதாக ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் பாசுரங்கள் இன்றைக்கும் கோவிலில் ஒலிக்கின்றன. ஊரே கொண்டாடும் கதை. அதையே அரசாணையாகப் போட்டால் மட்டும் வழக்கு. (ஒரு மதத்தை மட்டும் சொல்றேன்னு நினைக்காதீங்க. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியாகப் பிரிக்க ஒரு சுவரே இருந்தது. செத்த பிறகும்!)

2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் பயிற்சி முடித்து மூன்று பெண்கள் சான்றிதழ் வாங்கினார்கள். நம்மை விட சில வயதுதான் மூத்தவர்கள். ஸ்டேட்டஸில் போட்டோம், ஹார்ட் விட்டோம். அதே மாதம் உச்ச நீதிமன்றம், ஆகமக் கோவில்களில் அர்ச்சகர் நியமனத்தில் இருக்கும் நிலையே தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதை யார் ஸ்டேட்டஸில் பார்த்தீர்கள்?

எனக்குப் புரட்சி எல்லாம் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய், அது வரும். அறநிலையத் துறைக்குக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்: பயிற்சி முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தெந்தக் கோவிலில், கருவறைக்குள் பூஜை செய்கிறார்களா இல்லை பூ கட்டவும் மடப்பள்ளி வேலைக்கும் அனுப்பப்பட்டார்களா, மாதச் சம்பளம் எவ்வளவு, பெண்கள் எத்தனை பேர். தமிழில் டைப் செய்யத்தான் எனக்கு நேரமாகிறது, இங்கிலீஷ் மீடியம் புண்ணியம். வேகமா தமிழ் டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா லைப்ரரி பக்கம் வாங்க. ஆளுக்கு ஒரு மாவட்டம் எடுத்துக்கலாம்.