பாஷை வராத சித்தி

"இருதயம் உண்மையா இருந்தா அபிஷேகம் தானா இறங்கும். இறங்கலையா, உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்கீங்க." ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் லயத்துக் காம்பராக்களில் நடக்கும் ஜெபக்கூட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் சித்தி முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் முழங்காலில் நின்றாள். சுற்றிலும் எல்லாரும் அபிஷேகத்தின் அடையாளமாக அந்நிய பாஷை பேச, இவள் வாயில் தமிழ்தான் வந்தது: பிள்ளைகளின் பெயர், சீட்டுக் கடன், ஆறாத கால் புண். "மனசத் தொறக்க மாட்டேங்குறீங்களே அக்கா" என்றார் ஊழியக்காரர். விசுவாசம் போதாது என்ற பெயரும் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தினாள். கடைசியில் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று.

வசனம் காட்டச் சொன்னால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தைத்தான் விரிப்பார்கள். சரி, முழுதாகவே வாசிப்போம். உங்களுக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்றுதான் பவுல் தொடங்குகிறார். அதே சபையில் கோஷ்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு. கர்த்தருடைய பந்தியிலோ, வைத்திருப்பவன் முந்திச் சாப்பிட்டு வெறிக்கிறான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். வேலை முடிந்து பிந்தி வந்தவர்களே அப்படிப் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் சொல்வதுண்டு. தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வரங்கள் குவிந்து கிடந்த சபையின் லட்சணம் இது!

எல்லாரும் பாஷை பேசுகிறார்களா என்று பவுலே கேட்கிறார். இல்லை என்பதுதான் அதற்குப் பதில். சபையில் விளங்காத பதினாயிரம் வார்த்தையைவிட விளங்குகிற ஐந்து வார்த்தை மேல் என்பதும் அவர் எழுதியதே. சித்தி அன்று ஐந்துக்கு மேலேயே பேசியிருந்தாள்.

இருதயம் செம்மையாக இல்லை என்று பேதுரு ஒருவனைக் கண்டித்தது அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. யாரை? சமாரியாவில் வரத்தைக் காசு கொடுத்து வாங்க வந்த சீமோனை. வரம் கிடைக்காத ஏழை எவரையும் பேதுரு அங்கே சோதிக்கவில்லை.

நோய்க்கும் இதே கதைதான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்ன வைத்தியம் கொஞ்சம் திராட்சரசம். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். தன் உடம்பில் இருந்த முள் நீங்க மூன்று தரம் மன்றாடினார், நீங்கவில்லை. பவுலும் மனதைத் திறக்கவில்லையோ?

சனம் ஏன் இந்த ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1854இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு இந்த மலைத் தோட்டங்களுக்கு வந்த மிஷனுக்குப் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'; சபையிலும் சனம் கூலிதான். மலையில் ஏச்சு வாங்கியே பழகிய பெண் இந்தக் கூட்டங்களில் எழுந்து நின்று சத்தமாக ஜெபிக்கலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று அவள் பறித்த கொழுந்தில் கிலோவைக் கழிக்கும் தராசு ஏற்கனவே தோட்டத்தில் இருக்கிறது. ஜெபக்கூட்டத்திலும் ஒன்றைத் தொங்கவிட வேண்டுமா?

ஊழியக்கார ஐயாமாரே, அடுத்த வெள்ளி கொரிந்தியரில் வரங்களைப் பற்றிய பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறக்குமுன் பந்திக் கதையிருக்கும் பதினொன்றையும் சத்தமாக வாசியுங்கள். காணிக்கைப் பையை அதற்குப் பிறகு சுற்ற விடுங்கள்.