இழுத்தால் திறக்காது, உள்ளே தள்ளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்க்கிறவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் வாப்பாவின் மொரிஸ் மைனர் நிற்பது ஊரில் பலருக்குத் தெரியும். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொடல். எங்களுடையது 1098 சீசீ, அதாவது 1962க்குப் பிறகு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியது. எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். வாப்பா மௌத்தான பிறகும் அதை விற்க உம்மா சம்மதிக்கவில்லை.

அந்தக் காரில், இடப்பக்கம் இருப்பவருக்கு முன்னால் மூடி போட்ட ஒரு லாச்சி இருக்கிறது. ஒரு வருடமாக அது திறக்கவேயில்லை. கார் புத்தகம் அதற்குள்தான் இருக்கிறது என்று உம்மா அடித்துச் சொன்னார். நான் இழுத்தேன். மச்சான் இழுத்தார். ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்பியதில் பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம். ஒரு கராஜில் காட்டினோம். "மூடிய வெட்டி எடுத்துட்டு வேற ஒண்டு போடுவம்" என்றார்கள். "சரியான பிடிவாதம் புடிச்ச சாமான்" என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வரும்போது என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன், இப்போது பக்கத்து ஊர் கராஜ் ஒன்றில் வேலை. பேச்சுவாக்கில் லாச்சிக் கதையைச் சொன்னேன். பின்னேரமே வந்துவிட்டான்.

வந்தவன் முதலில் எதையும் தொடவில்லை. டோர்ச் அடித்து மூடியின் நான்கு பக்க இடைவெளியையும் பார்த்தான். பிறகு, "சேர், நீங்க மூடிய உள்ளுக்குத் தள்ளிப் புடிங்க, இழுக்க வேணாம்" என்றான். நான் உள்ளங்கையால் அழுத்தினேன். அவன் பிடியை மெதுவாக அசைத்தான். டக்கென்று ஒரு சத்தம். திறந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். மூடியை வெளியே இழுக்க இழுக்க, கொளுக்கியின் நாக்கு எதிரே உள்ள தகட்டில் இன்னும் இறுக்கமாகப் போய்ப் பிடிக்கும். உள்ளே தள்ளினால் அந்தப் பாரம் இறங்கும், நாக்கு தானாக விலகும். ஒரு வருடமாக நாங்கள் திறந்துகொண்டிருக்கவில்லை, பூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

திறந்ததோடு அவன் போகவில்லை. "ஏன் இறுகிச்செண்டு பாக்கணும் சேர். வீட்ட சோக்குக் கட்டி இருக்கா?" என்று கேட்டான். வாத்தியார் வீட்டில் அதற்கா பஞ்சம்? நாக்கில் சோக்கைப் பூசி, மூடியைத் தகட்டோடு மெல்ல ஒட்டவைத்து எடுத்தான். வெள்ளை அடையாளம் துவாரத்துக்குக் கீழ் விளிம்பில் விழுந்திருந்தது. கீல் ஆணிகள் தளர்ந்து மூடி இறங்கியிருக்கிறது. தகட்டுக்குப் பின்னால் நெருப்புப் பெட்டி அட்டை ஒன்று மடித்துச் செருகியிருந்தது. கார் ஓடும்போது மூடி ஆடிச் சத்தம் போடாமலிருக்க வாப்பா செய்த வேலையாகத்தான் இருக்கும். அது மழைக்கால ஈரத்தில் ஊதித் தகட்டை முன்னே தள்ளியிருக்கிறது. அவன் அட்டையை எடுத்தான், கீலை இறுக்கினான், காய்ந்து பிசினான பழைய கிரீசைத் துடைத்தான், தகட்டை இரண்டு மில்லிமீற்றர் அளவு கீழே இறக்கினான், நாக்கில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தான். "கூடப் பூசினா தூசி புடிக்கும் சேர்." நாற்பது நிமிடம். புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை.

(கார் புத்தகம் அதற்குள் இல்லை. அது உம்மாவின் அலுமாரியில், சாரிகளுக்கு அடியில் கிடந்தது.)

இனி நான் எழுத வந்த விஷயம்.

இவன் பத்தாம் ஆண்டில் இருக்கும்போது வகுப்பு அலுமாரியின் பூட்டைக் கழற்றினான் என்று வெயிலில் நிற்க வைத்தவன் நான். அவனுடைய வாப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்னவனும் நான்தான். அந்தப் பூட்டு அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்தது. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில், பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்று முதலில் பாருங்கள் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் எடுத்தேன். வகுப்பில் செய்ததென்னவோ இழுத்ததுதான்.

நம் ஊரில் கணிதம், உயிரியல் என்று போன பிள்ளைக்கு மேடை உண்டு, மாலை உண்டு. கராஜுக்குப் போன பிள்ளைக்கு ஒரு பெருமூச்சு மட்டும். டியூசனுக்கு வாய் திறக்காமல் மாதாமாதம் கொடுக்கிறோம். பாஸ் ஒருவர் ஆயிரம் ரூபாய் கேட்டால் அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறோம். எல்லாப் பிள்ளையையும் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. படிப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தடுக்குகிற இடத்தைப் பார்க்காமல் இழுக்காதீர்கள் என்கிறேன். கைவேலையில் மூளை இல்லை என்று நினைப்பவர்கள் அந்தச் சோக்கு அடையாளத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நான் விஞ்ஞான பாடத்தில் சொல்லும் அவதானம், கருதுகோள், பரிசோதனை எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தில் இருந்தது.

ஆறு வருட அனுபவம் இருந்தும் அவனிடம் ஒரு சான்றிதழ் இல்லை. நமது நாட்டில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., இருக்கிறது. பாடநெறிக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களுக்கும், முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் கையில் உள்ள திறமையை மதிப்பிட்டு அதைக் கொடுக்கிறார்கள். அவனுக்கு இது தெரியாது. நான் அவனுக்குச் சொன்னதுமில்லை. அடுத்த கிழமை விண்ணப்பம் நிரப்ப இருவரும் உட்காருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவன் இருப்பான். அவனுக்கு இதைச் சொல்லுங்கள். பள்ளிவாசலில் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கௌரவிக்கும்போது, என்.வி.கியூ. எடுத்த பிள்ளையின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேருங்கள் என்று நிர்வாகத்தினரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை முடிந்து காசு நீட்டினேன். "வேணாம் சேர்" என்றான். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். சிரித்துவிட்டு, "அந்தப் பூட்டு இப்பவும் நல்லாருக்கா சேர்?" என்று கேட்டான்.

இருக்கிறது.