கரிப்பூட்டைகளை வகையறிதல்

கதிரிற் கரிய தூள் கண்டவிடத்து அனைத்தையும் ஒரே நோயெனக் கொள்வது தவறாகும். இறுங்குப் பயிர் இதற்குத் தக்க சான்று. மணிக் கரிப்பூட்டையில் மணிகள் தனித்தனியே கரிய தூள் நிறைந்த பைகளாக மாறும். கதிர்க் கரிப்பூட்டையில் கதிர் முழுவதுமே அழியும். இரண்டும் இசுப்போரிசோரியம் என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தனவாயினும் இனத்தால் வேறானவை. முன்னதன் வித்திகள் விதையின் மேற்பரப்பில் ஒட்டியிருத்தலின், விதைக்குப் பங்கசுநாசினி இட்டால் நோய் தடைப்படும். பின்னதன் வித்திகள் மண்ணிற் சில ஆண்டுகள் கிடந்து முளைக்கும் நாற்றைப் பற்றுவன. அதற்கு விதை மருந்து மட்டும் போதாது. நோயுற்ற கதிர்களைத் தூள் சிதறுமுன் அகற்றி எரித்தலும் பயிர்ச் சுழற்சியும் வேண்டும். பெயரும் ஏமாற்றும்: நெல்லின் போலிக் கரிப்பூட்டை, கரிப்பூட்டைக் குலத்தையே சேராத பங்கசால் உண்டாவது.

ஆகவே பங்கசுகளை வகைப்படுத்தல் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய கல்வியன்று. வகையறியாது மருந்திடும் கமக்காரன் பணத்தையும் விளைவையும் ஒருங்கே இழப்பான்.